மூக்கில் வைக்கும் ஈயம்

என் வீட்டுக்காரர் இன்னொரு பெண்ணோடு சுற்றியிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். நான் யாய்சு துறைமுகத்தில் பிறந்தவள், சூரை மீன் படகுக்காரரின் மகள். அந்த மாதிரி விஷயங்களை எங்கள் பக்கத்துப் பெண்கள் எப்படித் தீர்ப்பார்கள் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் போதும், தெருவே என் பக்கம் வந்து நிற்கும். ஆனால் கென்சாகு போய்ச் சேர்ந்தது ஓர் ஆணிடம். அதுவும் பல் செட் செய்கிற ஆளிடம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? 'என் புருஷன் என்னை விட்டுட்டு இன்னொருத்தரோட சேர்ந்து பொம்மை விமானம் ஒட்டுறார்' என்று சொன்னால், அழ வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஜப்பானிலேயே பிளாஸ்டிக் மாதிரி விமானங்களுக்குப் பேர்போன எங்கள் ஷிசுவோகாவில், அதைச் செய்யாத வீட்டைத்தான் தேட வேண்டும். ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே விமானத்தைச் செய்கிற வீடு எங்கள் மாதிரி விமான மன்றத்தில் எங்களுடையது மட்டும்தான். கென்சாகு பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே இப்படித்தான். வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர். எனக்கு இரண்டு வேலைகள். முதலாவது, விமானத்தின் மூக்கில் பாரத்துக்கு ஈயம் வைப்பது. கடைசி வேலை, டேப் உரிப்பது.

டேப் உரிப்பதுதான் பெரிய வேலை. விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கூண்டில், சட்டங்களுக்கு மட்டும் பெயின்ட் ஏற வேண்டும், கண்ணாடியில் ஏறக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்தின் மேலும் அரிசியளவு டேப் வெட்டி ஒட்டி, அப்புறம்தான் பெயின்ட் அடிப்பார். எல்லாம் காய்ந்த பிறகு அந்தத் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். அதுவரை குருடாக இருந்த விமானம் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். நான் உரிப்பேன். கென்சாகு எதிரே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கடைசித் துணுக்கு வந்ததும் 'ஹா' என்று ஒரு மூச்சு விடுவார். கல்யாண நாளுக்குப் பூ வாங்கித் தருகிற ஆள் இல்லை அவர். எனக்கு அந்த மூச்சு போதுமானதாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் இஷிகாமி மன்றத்துக்கு வந்தான். வயது நாற்பதுகூட இருக்காது. பல் டாக்டர்களுக்கு செட்டும் பல்மேல் மாட்டும் உறையும் செய்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் மன்றத்துச் செயலாளர் குவாஹாரா முடி திருத்துகிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். அவர்தான் அவனைக் கூட்டி வந்து கென்சாகுவின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தெராவோ-சான், இவரு செஞ்ச வேலையைப் பாருங்க. நாளைக்கு உங்களுக்குப் பல் விழுந்தாலும் கவலையில்ல, விமானமும் விழாது."

எங்கள் குடும்பப் பெயர் தெராவோ. கென்சாகு பார்த்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தும் அதையே பேசினார்.

"அந்த ரிவெட்டு ஆணிப் புள்ளியைப் பார்த்தியா மிசாவோ? தலைமுடி நுனியால குத்தின மாதிரி இருக்கு."

"பார்த்தேன்."

"சரியாப் பார்த்திருக்க மாட்ட. கண்ணாடி போடாம பார்த்திருப்ப."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் ஸ்ட்ராபெரி பெட்டி, முகத்தில் பணிவான சிரிப்பு. "வீட்டம்மா, தொந்தரவு கொடுக்கறேன்" என்று குனிந்தான். எனக்குச் சுருக்கென்றது. மன்றத்தில் எல்லோருக்கும் நான் மிசாவோ-சான், பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கண்காட்சி அட்டையில் தன் பெயரையும் போட்டு மேசையில் விமானம் வைக்கிறவள். இவனுக்கு மட்டும் நான் டீ கொண்டு வருகிற வீட்டம்மா. கென்சாகு அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மே மாதக் கண்காட்சிக்கு இந்த வருடம் ஷிண்டென் செய்வதென்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். இரண்டு பேரும் என்றால் அவரும் அவனும். எனக்குப் பாகங்கள் இருக்கும் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஷிண்டென் ஒரு தலைகீழ்ப் போர் விமானம். முன்னால் இருக்க வேண்டிய விசிறி பின்னால் இருக்கும், பின்னால் இருக்க வேண்டிய சின்ன இறக்கை முன்னால் இருக்கும். எல்லாப் பாரமும் பின்பக்கம்தான். மூக்கு வெறும் காற்று.

நிஜ விமானத்துக்கு அது பிரச்சினை இல்லை, மூக்கில் பீரங்கியும் குண்டும் இருக்கும். பிளாஸ்டிக்கில் செய்தால் முன் சக்கரம் தரையைத் தொடவே தொடாது. மேசையில் வைத்த உடனே வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். 'குண்டி குத்திடுச்சு' என்பார்கள் மன்றத்தில். எவ்வளவு பெரிய கைக்காரன் செய்ததாக இருந்தாலும், விமானம் குண்டி குத்தினால் அப்புறம் அந்தப் பெயின்ட்டை யாரும் பார்க்க மாட்டார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் பாரம் வைத்துவிட வேண்டும்.

அது என் வேலை. யாய்சுவில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிற என் தம்பியிடமிருந்து ஈயக்குண்டு வாங்கி வருவேன். பெட்டியோடு வருகிற காகிதத்தில் இவ்வளவு பாரம் வையுங்கள் என்று போட்டிருக்கும். நான் அதை நம்புவதில்லை. பாதிகளை டேப் போட்டுச் சேர்த்து, சக்கரம் வருகிற இடத்தில் இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளைக் குறுக்கே வைத்து, அதன்மேல் விமானத்தை உட்கார வைத்து, மூக்குக்குள் குண்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். மூக்கு லேசாகத் தலைகுனிந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போட்டால் முன் கால் தாங்காது. பிளாஸ்டிக் கால், குச்சி மாதிரி இருக்கும். குறைந்தாலும் அசிங்கம், கூடினாலும் ஆபத்து. கென்சாகுவுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. விமானம் என்னவோ தானாக நிற்கிறது என்பது போலத்தான் நடந்துகொள்வார்.

ஷிண்டென்னுக்கும் பெட்டி திறந்த வாரமே அளந்துவிட்டேன். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சமையலறை மேசையில் குச்சிகளை வைத்துப் பார்த்து, தேவையான குண்டுகளைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்தேன். விமானி அறையைப் பொருத்தியதும், மூடுவதற்கு முன்னால், இரண்டு பாதிகளும் என் மேசைக்கு வரும். எப்போதும் அப்படித்தான் வரும். நான் காத்திருந்தேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் சாப்பாட்டின்போது கென்சாகு சொன்னார்.

"இந்த வருஷம் டேப்பை இஷிகாமி உரிக்கட்டும்."

நான் சோற்றின் மேல் வேகவைத்த ஷிராசு மீனைப் பரப்பிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"ஏன்?"

"அவன்கிட்ட லென்ஸெல்லாம் இருக்கு. பல்லுக்குள்ள பார்க்கிற லென்ஸு. நீ போன வருஷம் கண்ணு வலிக்குதுன்னு சொன்னல்ல?"

"சொன்னேனா?"

"சொன்ன. உரிக்கும்போது ஒரு இடத்துல பெயின்ட்டும் சேர்ந்து வந்துச்சு. அப்போ சொன்ன."

"சரி. அப்போ அவரே உரிக்கட்டும்."

"அதான் நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மனிதர் சூப்பைக் குடித்தார். நான் 'சரி' என்று சொன்னால் அது சரி இல்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவருக்கு அது தெரியவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. அவனுடைய விரல்களைப் பார்த்தால் பொறாமை, லென்ஸைப் பார்த்தால் பொறாமை, அவன் சிரித்தால் கென்சாகுவும் சிரிப்பதைப் பார்த்தால் இன்னும் பொறாமை. வேலை அறைக் கதவுக்கு வெளியே டீத் தட்டோடு நின்று, உள்ளே இரண்டு பேரும் பேசாமல் உப்புத்தாள் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பேசிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமலே ஒத்துப்போனார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் டீ கொண்டு போனபோது ஷிண்டென் மேசைமேல் இருந்தது. இரண்டு பாதிகளாக அல்ல. ஒரே உடலாக. ஒட்டி, பட்டி வைத்து, தேய்த்து, சாம்பல் நிற முதல் பூச்சும் அடித்திருந்தார்கள்.

தட்டை வைத்துவிட்டு விமானத்தைக் கையில் எடுத்தேன். காலி முட்டை ஓடு மாதிரி இருந்தது. மூக்கை லேசாக ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு உடனே புரிந்தது. நான் வழக்கம்போல எப்போதோ வந்து ஈயம் வைத்திருப்பேன் என்று கென்சாகு நினைத்திருக்கிறார். இந்த வீட்டில் அதெல்லாம் நடந்திருக்கும் என்று இஷிகாமி நினைத்திருக்கிறான். ஜாம் பாட்டில் சமையலறை அலமாரியில் அப்படியே இருக்கிறது. 'ஈயம் எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அடியில் ஓட்டை போட்டு இன்னும் சரிசெய்துவிடலாம். கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"வீட்டம்மா, பார்த்துப் பிடிங்க" என்றான் இஷிகாமி. "பூச்சு இன்னும் சரியாக் காயல. கைரேகை பதிஞ்சிடும்."

எனக்கு! என்னிடம்! அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே காயாத பூச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவளிடம்! கென்சாகுவாவது 'அவளுக்குத் தெரியும்பா' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே "ஆமாம், பார்த்து" என்றார்.

நான் விமானத்தை மெதுவாகக் கீழே வைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறையில் பாட்டுக்கூட வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தை வீட்டில் ஒருபோதும் காலில் நிற்க வைப்பதில்லை. சக்கரக் கால்களைக் கடைசியாக ஒட்டி, மல்லாக்கப் பஞ்சுப் பெட்டியில் படுக்க வைத்து, அப்படியே கண்காட்சிக்குக் கொண்டு போவோம். முதல் தடவை தன் காலில் நிற்பது எங்கள் மன்றத்தின் வெள்ளைத் துணி விரித்த மேசையில்தான். கென்சாகு அதைத் 'தரையிறக்கம்' என்பார். அதைப் பார்க்கவே மற்ற மன்றத்துக்காரர்கள் தங்கள் மேசைகளை விட்டுவிட்டு வந்து கூடுவார்கள். இந்த வருடம் அத்தனை பேர் நடுவில் அது குண்டி குத்தப் போகிறது. அவன் லென்ஸும் அவன் ரிவெட்டுப் புள்ளிகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகின்றன. அப்போது கென்சாகு என்னைத் தேடுவார். இத்தனை வருடம் எது விமானத்தை நிற்க வைத்தது என்று அப்போது அவருக்குத் தெரியும்.

"என்ன, ரொம்பக் குஷியா இருக்க?" என்றார் கென்சாகு ஒருநாள்.

"மே மாசம் வருதில்ல."

"ஆமாம். இந்தத் தடவை அசத்தப் போறோம்."

"அசத்துங்க, அசத்துங்க."

கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு டேப் உரித்தார்கள். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் தானாகப் போய்விட்டது. இஷிகாமி லென்ஸை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். இடுக்கியை நுழைத்தான். துணுக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் குறை தேடினேன், மனதாரத் தேடினேன். ஒரு இடத்திலாவது பெயின்ட் கிழியட்டும், ஒரு ஓரமாவது பிசிறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சட்டங்கள் பேனாவால் கோடு போட்டது போல நேராக நின்றன. கண்ணாடிக்குள் விமானியின் இருக்கையும் இடுப்புப் பட்டையும் பளிச்சென்று தெரிந்தன. நான் உரித்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கடைசித் துணுக்கு வந்தது. கென்சாகு 'ஹா' என்று மூச்சு விட்டார்.

அது என் மூச்சு. வேறு எதை எடுத்திருந்தாலும் பொறுத்திருப்பேன். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன். 'விழட்டும்' என்று சத்தமாகவே சொன்னேன்.

போகும்போது இஷிகாமி விமானத்தையும் எடுத்துக்கொண்டான். "கால்களை மட்டும் என் பட்டறையில வெச்சு ஒட்டிக்கிறேன் தெராவோ-சான். அங்க பிடிச்சு வைக்கிற கருவி இருக்கு. நேரா கண்காட்சிக்கே கொண்டு வந்துடறேன்." எனக்கு அந்த ஒரு வாரமும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கண்டுபிடித்துவிடுவானோ என்று. ஆனால் அவனிடமிருந்து ஃபோன் எதுவும் வரவில்லை. கண்டுபிடித்திருந்தால் கென்சாகுவிடம் சொல்லாமல் இருப்பானா? பெரிய கைக்காரன், பாரம் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கண்காட்சிக் காலை. மண்டபம் முழுக்க மேசைகள், மேசை முழுக்க இறக்கைகள். நான் கிளம்பும்போது எதற்கென்று தெரியாமலே ஜாம் பாட்டிலைத் திறந்து ஈயத் துண்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். விரல்கள் அவற்றை உருட்டிக்கொண்டே இருந்தன.

"வாங்கப்பா, வாங்க!" குவாஹாரா கையைத் தட்டிக் கூப்பிட்டார். "தெராவோ வீட்டுத் தரையிறக்கம்! பின்பக்கம் விசிறி வெச்ச விமானம்! குண்டி குத்தினா இன்னைக்கு எல்லாருக்கும் பீர் வாங்கித் தரணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நகோயா மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். தைவானிலிருந்து வந்திருந்த மன்றத்துக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். இஷிகாமி பெட்டியைத் திறந்தான். கென்சாகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை போதாமல் மறுபடி துடைத்தார். பஸ் ஓட்டிய கை. மலைப்பாதை வளைவில்கூட வியர்க்காத கை. இவ்வளவு பேர் நடுவில் இந்த மனிதருக்கு இது வேண்டுமா? இப்போதுகூடச் சொல்லலாம். 'இருங்க, ஒரு நிமிஷம்' என்றால் போதும். ஓர் அடி எடுத்து முன்னால் வைத்தேன்.

"இஷிகாமி, வா. நீ அந்தப் பக்கம் பிடி" என்றார் கென்சாகு.

அந்தப் பக்கம் நான் பிடிக்கிற பக்கம். எடுத்த அடியைப் பின்வாங்கினேன். பைக்குள் ஈயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இருவரும் விமானத்தை மெதுவாக இறக்கினார்கள். பக்கச் சக்கரங்கள் துணியைத் தொட்டன. கைகளை எடுத்தார்கள்.

நின்றது.

மூன்று சக்கரங்களும் மேசையில் பதிய, ஆடாமல் அசையாமல் நின்றது. கைத்தட்டல் எழுந்தது. என் காதுகளில் எதுவும் ஏறவில்லை. காலி முட்டை ஓடு எப்படி நிற்கும்?

"பார்த்தீங்களா!" கென்சாகுவின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும். "பெயின்ட் நான் அடிச்சேன், ரிவெட்டு இவன் குத்தினான். ஆனா நிக்க வெச்சது யாரு? அங்க நிக்கிறாளே, அவ! மிசாவோ வெச்ச ஈயம்! இத்தனை வருஷத்துல ஒண்ணு, ஒரே ஒண்ணு குண்டி குத்தியிருக்கா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். கென்சாகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து விமானத்தின் முன்னால் வைத்தார். அவர் கையெழுத்துதான். 'ஷிண்டென். செய்தவர்கள்: தெராவோ கென்சாகு, இஷிகாமி மசனோபு.' அதன்கீழே, அதே அளவு எழுத்தில், 'நிற்க வைத்தவர்: தெராவோ மிசாவோ'.

என் பெயர் அட்டையில் இருக்காது என்றுதான் இத்தனை நாளும் வயிறு எரிந்துகொண்டிருந்தேன். இருந்தது. என் வேலை துளிகூட இல்லாத ஒரே விமானத்தில் என் பெயர் இருந்தது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் இஷிகாமி என் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வீட்டம்மா, தப்பா நினைக்காதீங்க. கால் ஒட்டும்போது தூக்கிப் பார்த்தேன், மூக்கு லேசா இருந்துச்சு. முன் சக்கரக் குழி வழியாப் பல்லுக்குப் போடுற உலோகத் துணுக்கை உள்ள தள்ளிட்டேன். தெராவோ-சான்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பவும் நீங்கதான் வைப்பீங்கன்னு அவர் பெருமையாச் சொல்லிட்டே இருப்பாரு. நீங்க ஏதோ மறந்திருப்பீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. எங்கம்மாகூட அடுப்பை அணைக்க மறந்துடுவாங்க."

அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கேலி இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் என்மேல் பரிதாபப்பட்டான். டேப்பை எடுத்துக்கொண்டான், மூச்சை எடுத்துக்கொண்டான், ஈயத்தையும் எடுத்துக்கொண்டான். எல்லாம் எடுத்த பிறகு, பாவம் கிழவி மறந்துவிட்டாள் என்று அதை மூடி மறைத்து என்னைக் காப்பாற்றவும் செய்கிறான்.

"நான் மறக்கல" என்றேன்.

"பரவாயில்ல வீட்டம்மா, இதுல என்ன..."

"மறக்கலன்னு சொல்றேன்ல. நீங்க மூடின அன்னைக்கே கையில எடுத்துப் பார்த்தேன். ஈயம் இல்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் அது குண்டி குத்தணும்னுதான் விட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். நான் அவனைக் கடந்து மேசைக்குப் போனேன். வரவேற்புப் புத்தகத்தில் கட்டியிருந்த பேனாவை எடுத்து, அட்டையில் என் பெயரை அடித்து, அதன் மேல் 'இஷிகாமி' என்று எழுதினேன்.

"ஏய், என்ன பண்ற?" கென்சாகு பதறினார். "அட்டையைக் கெடுத்துட்ட!"

"தப்பா எழுதியிருக்கீங்க. திருத்தினேன்."

"என்ன தப்பு?"

"ஈயம் நான் வைக்கல. யாருமே வைக்கல. உங்க இஷிகாமிதான் கடைசியில ஏதோ வெச்சுக் காப்பாத்தியிருக்காரு."

கென்சாகு விமானத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் குவாஹாரா எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டார்.

"நீ வைக்கலயா? ஏன்?"

"டேப்பை அவர் உரிச்சாரே."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"உனக்குக் கண்ணு வலிக்குமேன்னுதான..."

"வலிக்கட்டும். என் கண்ணுதானே."

கென்சாகுவுக்குக் கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நிறுத்தத்தில் ஏற வேண்டியவரை ஏற்றாமல் பஸ்ஸைக் கிளப்பிவிட்டது நினைவுக்கு வந்தால் ஒரு முகம் வைப்பாரே, அந்த முகம் வந்தது. அடித்த என் பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

இஷிகாமி மேசைக்கு வந்தான்.

"எவ்வளவு வைக்கணும்னு எனக்குத் தெரியல" என்றான். "குழி நிறையற வரைக்கும் தள்ளினேன். நீங்களா இருந்தா எவ்வளவு வெச்சிருப்பீங்க, மிசாவோ-சான்?"

முன் காலைப் பார்த்தேன். குச்சி மாதிரி இருக்கிற அந்தக் கால் அதற்குள் லேசாக வெளிப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது. சாயங்காலம்வரை தாங்காது. இரண்டு பேரும் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தடவையும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

கோட்டுப் பையிலிருந்து ஈயத் துண்டுகளை எடுத்து அவன் உள்ளங்கையில் கொட்டினேன்.

"இவ்வளவுதான்" என்றேன். "விமானத்தைத் தூக்குங்க முதல்ல. கால் உடையப் போகுது."